யார் தலையில் கட்டுவது?

கூலிக்கு உழுத குடும்பத்துக்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்பது என் மாமியாரின் கட்சி. அவர் பிறந்தது இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸில், அக்ஃபீல்ட் பக்கம் ஒரு கிராமத்தில். ஊர் பெயரையும் குடும்பப் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்தின் கிளைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன, நான் எழுதப்போவதில் சிலது அவர்களுக்கு ரசிக்காது.

மாமியார் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஊர் சர்ச்சைச் சுற்றியுள்ள கல்லறைகளில் அவர் குடும்பத்துக்கு ஒரு கல்கூடக் கிடையாது. வாசலை ஒட்டிப் பெட்டி பெட்டியாக நிற்பவை எல்லாம் பெரிய பண்ணைக்காரர்களுடையவை. கூலிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டு குச்சி நட்டு நடுவே ஒரு மரப்பலகை. சசெக்ஸின் ஈரத்தில் அது எத்தனை வருஷம் தாங்கும்? பலகை மக்கிய பிறகு அதே இடத்தில் அடுத்தவரைப் புதைத்துவிடுவார்கள். புல்வெளியாகத் தெரிகிற இடத்தில்தான் மாமியாரின் முன்னோர் பூராவும் படுத்திருக்கிறார்கள்.

ஆனால் காகிதத்தில் நிலைமை நேர்மாறு. கல்லறை வைத்திருந்த பண்ணைக்காரரைப் பற்றி எனக்குக் கிடைத்தது பிறந்த தேதி, மணந்த தேதி, இறந்த தேதி, ஒரு உயில். கல் இல்லாத கூலிக்காரரைப் பற்றியோ, எந்த வயதில் யாரிடம் வேலைக்குப் போனார், எப்போது லீவு எடுத்தார், மனைவிக்கு எப்போது உடம்பு சரியில்லை, எந்தக் குளிர்காலத்தில் ஊர்க்காசில் செருப்பு வாங்கினார் என்பது வரை கிடைத்துவிட்டது. அவர்மேல் யாருக்கோ இருந்த அக்கறையால் எழுதியதல்ல இது. அவருக்குச் சோறு போடும் செலவை யார் தலையில் கட்டுவது என்ற சண்டையால் எழுதியது.

முதலில் பாரிஷ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சர்ச்சும் அதைச் சேர்ந்த எல்லையும். ஆனால் சுமார் 300 ஆண்டுகள் அது வெறும் ஜெபத்துக்கான எல்லை இல்லை. சாலை போடுவது, காவலுக்கு ஆள் வைப்பது, வரி வசூலிப்பது, ஏழைகளைப் பராமரிப்பது எல்லாமே அந்த எல்லைக்குள்தான் நடந்தன. செய்தவர்கள் சம்பள அதிகாரிகள் இல்லை. ஊரில் ஓரளவு வசதியுள்ளவர்கள் முறை வைத்து, ஒரு வருஷம் சர்ச் வார்டன், ஒரு வருஷம் ஏழைகள் மேற்பார்வையாளர், ஒரு வருஷம் சாலைப் பொறுப்பு என்று மாறி மாறிச் செய்தார்கள். காகிதம் எல்லாம் சர்ச்சுக்குள் இருந்த ஒரு கனத்த மரப்பெட்டியில் போயிற்று. பல ஊர்களில் அதற்கு மூன்று பூட்டு. பாதிரியாரிடம் ஒரு சாவி, வார்டன்கள் இருவரிடமும் ஒவ்வொன்று. மூவரும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

பெட்டிக்குள் மிகப் பழையது பதிவேடு. 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவு அது: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு ஞாயிறும் வார்டன்கள் முன்னிலையில் எழுத வேண்டும், தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். ராஜா ஏதோ புது வரி போடத்தான் கணக்கெடுக்கிறார் என்று ஜனங்கள் பயந்தார்கள். பயம் அடியோடு வீண் இல்லை, வரி வர 245 ஆண்டு பிடித்தது, அவ்வளவுதான். 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி வந்தது. அக்டோபர் 1 முதல் வரி என்றதும் செப்டம்பரில் ஞானஸ்நானத்துக்குக் கூட்டம் சேர்ந்த ஊர்கள் உண்டு. நடக்கிற வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஏழைகளுக்கு இந்த வரியில் விலக்கு இருந்தது, அதனால் பெயருக்குப் பக்கத்தில் ‘பி’ என்று ஓர் எழுத்தைப் போட்டுவிட்டார்கள். பாப்பர், அதாவது பரம ஏழை, என்பதற்கு முதலெழுத்து. 1794-ல் வரியை எடுத்தார்கள். நடுவிலுள்ள அந்தப் பதினோரு வருஷத்துப் பக்கங்களில் ஊரில் யார் யார் இல்லாதப்பட்டவர்கள் என்பது பாதிரியாரின் கையெழுத்திலேயே தெரிந்துவிடுகிறது. மாமியாரின் முன்னோர்களுக்கு எல்லாம் ‘பி’ தான்.

இந்தப் பதிவேட்டைப் படிக்கப் பழகுவது தனிக் கலை. 1752-க்கு முன்னால் இங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1720 நவம்பரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை 1720 பிப்ரவரியில் அடக்கம் என்று இருந்தால் எழுதியவர் குடித்திருந்தார் என்று அர்த்தமில்லை. பிப்ரவரி வந்தது நவம்பருக்குப் பிறகுதான். 1640-களில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பல ஊர்ப் பதிவேடுகள் கந்தலாகிவிடுகின்றன. சில வருஷங்கள் ஆளே பிறக்காத ஊர் மாதிரி வெறுமையாக இருக்கும். பூச்சி தின்ற பக்கங்களுக்கு ஒரு மாற்று உண்டு. ஆண்டுதோறும் ஒரு பிரதி பிஷப்புக்குப் போக வேண்டும் என்பது 1598 முதல் விதி. எங்கள் ஊர் கிழக்கு சசெக்ஸ் என்றாலும் பிஷப்பின் ஊர் சிச்செஸ்டர், அதனால் அந்தப் பிரதிகள் மேற்கு சசெக்ஸ் ஆவணக் காப்பகத்தில். மூலப் பதிவேடு ஃபால்மரில் ‘தி கீப்’ என்ற காப்பகத்தில். இரண்டையும் ஒப்பிட்டால் பெயர்கள் ஒத்துப்போவதில்லை என்பது தெரியும். வேலைப்பளுவில் பிரதி எடுத்த கிளார்க் சசெக்ஸ் உச்சரிப்பில் காதில் விழுந்ததை எழுதியிருப்பார், அல்லது ஒரு வரியைத் தாண்டியிருப்பார்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கு அதிசயமில்லை. இங்கேயும் அதே கதைதான். ஜான், வில்லியம், தாமஸ் மூன்றையும் விட்டால் ஆண்களுக்கு வேறு பெயரே கிடையாதோ என்று தோன்றும். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயர். அண்ணன் தம்பி இருவர் தங்கள் மூத்த மகன்களுக்குத் தகப்பன் பெயரை வைத்துவிட்டால், ஒரே ஊரில் ஒரே வயதில் ஒரே பெயரில் இரண்டு பேர். இணையத்தில் கிடைக்கிற வம்ச மரங்கள் இடறி விழுவது இங்கேதான். ஒருவர் பார்க்காமல் போட்டதை நூறு பேர் பார்க்காமல் காப்பி அடித்திருப்பார்கள். அந்த மரங்களில் ஏறிப் போனால் எப்படியும் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த ராஜா வெற்றிவீரன் வில்லியத்தில்தான் போய் முட்டும். எந்த மரமும் ஒரு பன்றி மேய்ப்பவரிடம் முடிந்து நான் பார்த்ததில்லை.

ஒரே பெயர்க்காரர்கள் இருவரைப் பிரித்துக் காட்டப் பதிவேட்டால் முடியாது. ஏழைச் சட்டத்தின் காகிதங்களால் முடியும்.

1601-ல் வந்த சட்டப்படி தன் ஏழைகளைக் காப்பது அந்தந்தப் பாரிஷின் கடமை. அதற்கான பணத்தை ஊரில் நிலமும் வீடும் வைத்திருப்பவர்கள் வரியாகத் தர வேண்டும். அதாவது கூலிக்காரரின் மனைவிக்குப் பிரசவத்துக்கு உதவ வேண்டுமென்றால் காசு அவரை வேலைக்கு வைத்திருக்கும் பண்ணைக்காரரின் பையிலிருந்து போகும். உடனே அடுத்த கேள்வி: தன் ஏழை என்றால் யார்? 1662-ல் அதற்கும் சட்டம் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் ஊரில் பாத்தியதை உண்டு, அதாவது கஷ்டம் வந்தால் அந்த ஊர்தான் காப்பாற்ற வேண்டும். வேறு ஊரில் போய்க் குடியேறி, வருஷத்துக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் இருந்தால், 40 நாளுக்குள் புகார் கொடுத்து அவரைப் பாத்தியதை உள்ள ஊருக்கே திருப்பி அனுப்பலாம். இந்த 10 பவுண்டு வாடகை எந்தக் கூலிக்காரராலும் கொடுக்க முடியாத தொகை.

பாத்தியதை வருவதற்குப் பல வழிகள். குழந்தைக்குத் தகப்பனுடையது. கல்யாணமான பெண்ணுக்குக் கணவனுடையது. அவள் அந்த ஊரைக் கண்ணால் பார்த்திருக்காவிட்டாலும் சரி. கைத்தொழில் பழகியவனுக்குத் தொழில் பழகிய ஊர். கல்யாணமாகாதவன் ஒரு முழு வருஷக் கூலி ஒப்பந்தத்தில் வேலை செய்து முடித்தால் அந்த ஊர். இந்தக் கடைசி வழியில்தான் தகராறு பூராவும். ஒப்பந்தங்கள் செப்டம்பர் 29 மைக்கேல்மஸ் பண்டிகையில் தொடங்கும். விவரமான பண்ணைக்காரர் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுப்பார், அல்லது வருஷம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஏதோ குறை சொல்லிக் கணக்கு முடித்துவிடுவார். பையன் நல்ல உழைப்பாளியாக இருந்தால் அடுத்த வாரமே புது ஒப்பந்தம். முப்பது வருஷம் கழித்து அவன் கைகால் விழுந்தால் ஊர்த் தலையில் வந்து விடியக்கூடாது என்பதற்கு இவ்வளவு முன்யோசனை.

ஒருவர் உதவி கேட்டு வந்தால், அல்லது கேட்பார் போலத் தெரிந்தால், இரண்டு நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரிப்பார்கள். உன் ஊர் எது, எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை மாதம் வேலை செய்தாய், முழுக் கூலியும் வாங்கினாயா? பதிலைக் கிளார்க் எழுதி வாசித்துக் காட்டுவார், இவர் கீழே கீறல் போடுவார். கூலிக்காரர்களின் சுயசரிதை என்று ஒன்று இருக்குமானால் அது இந்தக் காகிதம்தான்.

மாமியாருக்கு ஆறு தலைமுறை முந்திய பாட்டனாரின் விசாரணைக் காகிதம் தி கீப்பில் இருக்கிறது. அங்கே பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். பையை வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். காகிதத்தை ஒரு ஃபைலில் நாடா கட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். பாதி அச்சடித்த படிவம், நடுவில் விட்ட இடங்களில் பழுப்பேறிய மை. நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து கோதுமை விலை விழுந்து, சசெக்ஸ் முழுக்க வேலையில்லாமல் கிடந்த காலம் அது. மனைவிக்கு உடம்பு சரியில்லை, நான்கு பிள்ளைகள், உதவி கேட்டிருக்கிறார். ஊர் உடனே விசாரணைக்கு அழைத்துப்போயிற்று.

அவர் சொன்னது சுருக்கமாக: எங்கே பிறந்தேன் என்று அப்பா சொல்லித்தான் தெரியும். சின்ன வயதில் ஒரு பண்ணையில் பறவை விரட்டும் வேலை. பிறகு பக்கத்துப் பாரிஷில் ஒரு பண்ணையில் மைக்கேல்மஸிலிருந்து மைக்கேல்மஸ் வரை ஒரு வருஷம் இருந்தேன், படுக்கை அங்கேயே, கூலி முழுவதும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷமும் அவரிடமே, ஆனால் அந்தத் தடவை வருஷம் முடியும் முன்னால் கிளம்பச் சொல்லிவிட்டார். அதன்பின் கல்யாணம், இந்த ஊரில் வாடகைக் குடிசை.

கீழே அவர் போட்ட கீறல். பெருக்கல் குறி என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஒரு கோடு மற்றதைவிட இரண்டு மடங்கு நீளம், முடிகிற இடத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்திருக்கிறது. ஏர் பிடித்த கை எழுதுகோலை அழுத்திய அழுத்தம். அதைச் சுற்றி அவர் பெயரைக் கிளார்க் அழகாக எழுதியிருக்கிறார். அழகாக, ஆனால் தப்பாக.

முழு வருஷம் வேலை செய்த அந்த முதல் ஒப்பந்தம் போதும். பாத்தியதை பக்கத்துப் பாரிஷுக்கு என்று முடிவாகி, குடும்பத்தோடு அனுப்பும் உத்தரவும் ஃபைலில் இருக்கிறது. வம்ச ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது புதையல்: மனைவி பெயர், நான்கு பிள்ளைகளின் பெயர், ஒவ்வொன்றின் வயது. பக்கத்துத் தெருவில் அதே பெயரில் இருந்த சித்தப்பா மகன் யார், இவர் யார் என்று இந்த ஒரு தாளில் பிரிந்துவிட்டது. மனைவி பிறந்து வளர்ந்தது இந்த ஊரில், அவள் அப்பா அம்மா இங்கேதான் இருக்கிறார்கள், ஆனாலும் அவளையும் சேர்த்துத்தான் அனுப்பினார்கள். இடப்பெயர்ச்சி என்று பெரிதாகச் சொன்னாலும் தூரம் நாலு மைல்தான்.

பக்கத்துப் பாரிஷ் சும்மா இருக்குமா? லூயிஸ் நகரில் அப்போது நடந்துவந்த காலாண்டு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. அந்த முழு வருஷத்துக்குள் அவர் இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்திருக்கிறார், ஆகவே அது முழு வருஷமே இல்லை என்பது வாதம். எஜமான் அனுமதி கொடுத்துப் போனாரா, கேட்காமல் போனாரா என்பதில் வழக்கு நின்றது. எத்தனையோ வருஷத்துக்கு முன் ஒரு பதினேழு வயதுப் பையன் பண்டிகைக்கு அம்மாவைப் பார்க்கப் போன இரண்டு நாளுக்கு வக்கீல் வைத்து வாதாடியிருக்கிறார்கள். தீர்ப்பு எப்படியாயிற்று என்பதற்கு ஒரே வரி: உத்தரவு ரத்து. குடும்பம் திரும்பி வந்தது. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பாரிஷ்கள் செலவழித்ததில் அந்தக் குடும்பங்களுக்கு வருஷக்கணக்கில் ரொட்டி போட்டிருக்கலாம் என்று அன்றே பலர் புலம்பியிருக்கிறார்கள்.

1795-ல் ஒரு திருத்தம் வந்தது. உதவி கேட்காத வரையில் யாரையும் அனுப்பக் கூடாது. நல்ல சட்டம், ஒரு விதிவிலக்குடன்: கல்யாணமாகாத கர்ப்பிணி உதவி கேட்டவளாகவே கருதப்படுவாள். கல்யாணம் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த இடமே ஊர் என்பதால், வலி எடுக்கும் முன் எல்லை தாண்ட வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். அனுப்ப முடியாத பெண்ணிடம் தகப்பன் யார் என்று பிரமாண வாக்குமூலம் வாங்கி, அவனிடம் வாரத்துக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கினார்கள். பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லாத குழந்தைகளுக்குப் பலசமயம் இந்தப் பத்திரங்களில் தகப்பன் இருக்கிறார். மாமியாரின் வழியிலும் அப்படி ஒன்று உண்டு. தகப்பனின் குடும்பப் பெயர் இன்றும் அந்த ஊரில் பெரிய பெயர். இதைத்தான் ஆரம்பத்தில் ரசிக்காது என்றேன்.

இதற்கெல்லாம் உள்ளே இருந்து பார்த்த சாட்சி ஒருவர் பக்கத்து ஊர்க்காரர். ஈஸ்ட் ஹோத்லையில் கடை வைத்திருந்த தாமஸ் டர்னர். 1754 முதல் 1765 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மளிகை, துணி எல்லாம் விற்றார், சவ அடக்கத்துக்கு வேண்டியதைச் சப்ளை செய்தார், சர்ச் வார்டனாகவும் ஏழைகள் மேற்பார்வையாளராகவும் இருந்தார். கர்ப்பமான ஏழைப் பெண்ணை வெளியூர் ஆளுக்குக் கட்டிவைத்து, அவள் பாத்தியதையை அவன் ஊருக்கு மாற்ற ஊர்க்காசு செலவானதை எல்லாம் அவர் எழுதுவது ஒரு கடைக்காரரின் வரவு செலவுக் குரலில். கெட்டவர் இல்லை. குடித்துவிட்டு மறுநாள் தன்னையே திட்டிக்கொள்வார், அடுத்த வாரம் மறுபடி பாதிரியார் வீட்டு விருந்தில் குடிப்பார். வரி கட்டுகிற ஊர்க்காரர்களுக்கும் வயிற்றுப்பசிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். எங்கள் ஊர்க் கணக்குகளை எழுதியவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று அவரைப் படித்த பிறகு அவர்கள்மேல் இருந்த என் கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை.

கணக்குப் புத்தகங்களைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. சர்ச் வார்டன் கணக்கில் முள்ளெலிக்குக் காசு. ராத்திரியில் பசுவின் மடியில் பால் குடிக்கிறது என்று அதன்மேல் பழி. 1566-ம் வருஷத்துச் சட்டமே அதன் தலைக்கு 2 பென்ஸ் விலை வைத்திருந்தது. குருவித் தலைகள் டஜன் கணக்கில். கூலிக்காரப் பிள்ளைகளுக்கு இது கைச்செலவுக்கு ஒரு வழியாக இருந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கணக்கில் சட்டைக்குத் துணி, செருப்புக்கு ஆணி, விறகு, அம்மைக்காரியைப் பார்த்துக்கொண்டவளுக்குக் கூலி, சவப்பெட்டி, தூக்கியவர்களுக்கு பீர். பாட்டனாரின் மனைவியைப் பற்றி விசாரணைக் காகிதத்தில் ‘உடம்பு சரியில்லை’ என்றதோடு சரி. கணக்கில் அவள் பெயருக்கு எதிரே மருந்து, பிறகு அவளைக் கவனித்துக்கொள்ள ஒருத்திக்கு வாரக்கூலி, பிறகு சவப்பெட்டி. செலவு வரிகளில் இருந்தே ஒரு குளிர்காலம் முழுவதையும் பின்தொடர முடிகிறது. இந்த உதவிக்கும் ஒரு விலை இருந்தது. 1697 முதல் 1810 வரை சட்டப்படி ஊர்க்காசு வாங்குபவர்கள் மேலாடையின் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் ‘பி’ எழுத்தையும் ஊரின் முதலெழுத்தையும் தைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எல்லா ஊரும் இதைக் கறாராக அமல்படுத்தவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் துணி எழுத்து வெட்டித் தைத்த கூலி எழுதியிருக்கிறது.

பாட்டனாரின் பிள்ளைகள் தலையெடுத்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் ஏழை உதவிக்கு அதிகம் செலவழித்த மாவட்டங்களில் சசெக்ஸ் முதல் வரிசையில் இருந்தது. வேலையில்லாதவர்களை ஊர் வண்டியில் மாட்டுக்குப் பதிலாகப் பூட்டிக் கல் இழுக்க வைத்த ஊர்கள் உண்டு. 1830 நவம்பரில் பிரீட் என்ற கிராமத்துக் கூலிக்காரர்கள் தங்கள் உதவி மேற்பார்வையாளரையே அந்த வண்டியில் ஏற்றிப் பாரிஷ் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். ஊரை விட்டு அனுப்புவது எப்படி என்பதை அவரிடமே கற்றவர்கள்தானே. அந்தக் குளிர்காலம் முழுவதும் தெற்கு இங்கிலாந்து எங்கும் வைக்கோல் போர்கள் எரிந்தன, கதிரடிக்கும் இயந்திரங்கள் உடைந்தன.

சசெக்ஸின் மேற்கே பெட்வொர்த் பக்கம் வேறு உபாயம் கண்டார்கள். 1832 முதல் 1837 வரை எக்ரிமான்ட் பிரபுவின் பணத்திலும் தாமஸ் சாக்கெட் என்ற பாதிரியாரின் ஏற்பாட்டிலும், பாரிஷ்கள் தம் பங்கைப் போட, சுமார் 1,800 பேரைக் கப்பலில் கனடாவுக்கு அனுப்பினார்கள். இன்று கனடாவிலிருந்து டிஎன்ஏ சோதனை முடிவோடு சசெக்ஸில் வேர் தேடி வருகிறவர்களில் சிலர் இந்தக் கப்பல்களில் போனவர்களின் வாரிசுகள். எங்கள் முன்னோர் துணிந்து போயிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்வார்கள். துணிந்தது உண்மைதான். டிக்கெட் எடுத்தது ஊர்.

எழுத்தில் இவ்வளவு கிடைத்த பிறகு இடத்தைப் பார்க்க ஆசை வந்தது. அதற்கு வழி 1840-ஐ ஒட்டி வரைந்த தசமபாக வரைபடம். சர்ச்சுக்கு விளைச்சலில் பத்தில் ஒன்று கொடுத்ததைப் பணமாக மாற்ற 1836-ல் சட்டம் வந்ததும், நாட்டில் முக்கால் பங்கு நிலத்துக்கு இந்த வரைபடங்கள் தயாராயின. ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண். கூடவே ஒரு புத்தகம்: அந்த எண்ணுக்கு உடைமையாளர் யார், அனுபவிப்பவர் யார், வயலின் பெயர் என்ன, விதைப்பா புல்லா காடா, எத்தனை ஏக்கர். பாட்டனாரின் மகன் குடியிருந்தது ‘குடிசையும் தோட்டமும்’, உடைமையாளர் வேறொருவர்.

வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாமியாரும் நானும் நடந்தோம். சசெக்ஸ் களிமண், ஜனவரி மாதம், முழங்கால் பூட்ஸ் பாதி இறங்கிவிடும். ஆனால் பொது நடைபாதைகளைச் சட்டம் காப்பாற்றி வைத்திருப்பதால், அவர் பண்ணைக்கு வேலைக்குப் போன பாதையில் இன்றும் யாரிடமும் கேட்காமல் நடக்கலாம். வேலி வளைகிற வளைவுகூட மாறவில்லை. குடிசை இல்லை. அது இருந்த இடத்தில் புதர் மண்டிய ஒரு மேடும், யாரோ நட்டிருக்கலாம் என்று தோன்றுகிற இடத்தில் ஒரு ஆப்பிள் மரமும். மாமியார் அந்த மரத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதற்கு நூறு வயதுகூட இருக்காது, மனசை ஏமாற்றிக்கொள்ளாதே என்றார். அவர் தோட்டக்கலை தெரிந்தவர்.

1834-க்குப் பிறகு காகிதத்தின் குணம் மாறிவிடுகிறது. புதிய ஏழைச் சட்டம் பாரிஷ்களை ஒன்றுசேர்த்து யூனியன்கள் ஆக்கி, உதவி வேண்டுமானால் பணிமனைக்குள், அதாவது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதிக்குள், வா என்றது. எங்கள் ஊர் அக்ஃபீல்ட் யூனியனில் சேர்ந்தது. செருப்பு ஆணி, விறகு, பீர் எல்லாம் போய்க் கட்டம் கட்டமாகத் தலை எண்ணிக்கை. பாட்டனார் அங்கேதான் இறந்தார். 1837 ஜூலையிலிருந்து அரசே பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்துவிட்டதால் அவருக்கு இறப்புச் சான்றிதழ் உண்டு: காரணம் முதுமை, தகவல் தந்தவர் பணிமனை ஊழியர். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்ததால் அதில் இருக்கும் வயதுக்கும் சான்றிதழ் வயதுக்கும் பொருந்தாது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

1846-ல், ஓர் ஊரில் ஐந்து வருஷம் தொடர்ந்து வாழ்ந்தவரை வெளியே அனுப்ப முடியாது என்று சட்டம் வந்தது. 1858-ல் அக்ஃபீல்டுக்கு ரயில் வந்தது. பாட்டனாரின் பேரன்களில் ஒருவர் 1861 கணக்கெடுப்பில் பிரைட்டனில், ரயில்வே பட்டறையில். கையெழுத்துப் போடத் தெரிந்தவர், நிலையான சம்பளம், யாரிடமும் போய் நிற்க வேண்டிய தேவை இல்லாதவர். அதனால் அவரைப் பற்றி எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை, எந்த மேற்பார்வையாளரும் எழுதவில்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை பெயர், வயது, தொழில், பிறந்த ஊர். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட் கடிகாரம் அவருடையது, குடும்பத்தில் எல்லோருக்கும் பிரியமான முன்னோர் அவர்தான். லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய ரயில்வே கம்பெனிகளின் ஊழியர் பதிவேடுகள் இருக்கின்றன என்று மாமியாரிடம் சொன்னேன். வேலைக்கு லேட்டாக வந்து அபராதம் கட்டியிருந்தால் அதில் இருக்கும் என்றேன். அப்படியானால் தேடாதே, அவர் லேட்டாகப் போகிறவர் இல்லை என்கிறார்.